வராதவர் வெளியே போக முடியாது

கட்டடப் பாதுகாப்பு வாரியத்தின் பதிவெழுத்தரை எல்லோரும் பூனைக்கால் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் தூங்கிக்கொண்டிருந்தது. அந்த நீள வராந்தாவில் பத்தொன்பது வருடமாக நடக்கிறார். ஒருநாளும் காலடிச் சத்தம் கேட்டதில்லை. பயந்து பயந்து நடப்பவருக்குச் செருப்புகூட வாய் திறக்காது. மேலதிகாரி இருமினால் எழுந்து நிற்பார். தும்மினால் மன்னிப்புக் கேட்பார்.

அப்படிப்பட்டவருடைய மேசைத் தொலைபேசி அன்று காலை பத்தேகாலுக்கு அடித்தது.

"அண்ணே, நான்தான்" என்றது ஒரு பெண் குரல். ஊர் ஊராகப் போய்க் கட்டடங்களைத் தட்டிப் பார்த்து அறிக்கை எழுதும் களப் பொறியாளர். நிதானமாகப் பேசுகிற பெண். அன்றைக்கு வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வந்தன. "நேத்து ஒரு கட்டடம் பார்த்தேன். ரிப்போர்ட்ட ஷேர் ஃபோல்டர்ல போட்டுட்டேன். யாராவது இன்னிக்கே திறந்து பாக்கணும் அண்ணே. சாயந்திரம் வரைக்கும் தாங்குமான்னே எனக்குத் தெரியலை."

"எந்தக் கட்டடம்மா?"

"அதைப் போன்ல சொல்லக் கூடாதுன்னு எழுதி வாங்கியிருக்காங்களே. ஆளுங்க இருக்கிற இடம். நிறைய ஆளுங்க. நான் அடுத்த ஆய்வுக்கு மலை ஏறிட்டிருக்கேன், இனிமே சிக்னல்..."

அவ்வளவுதான். தொடர்பு அறுந்துவிட்டது.

வாரியத்தின் எட்டாவது விதி அப்படி. ஒரு கட்டடம் விழப்போகிறது என்றால் அதற்குள் இருப்பவர்களுக்கு மட்டும் சொல்லக் கூடாது, பீதி உண்டாகும். பொறியாளர் ஃபோல்டரில் போட வேண்டும். மேற்பார்வையாளர் ஃபோல்டரைத் திறந்து இயக்குநருக்கு அனுப்ப வேண்டும். இயக்குநர் யோசிக்க வேண்டும். யோசனைக்குப் பிறகு என்ன செய்ய வேண்டும் என்பது விதியில் இல்லை. அதுவரை போன அறிக்கை எதுவும் கிடையாது என்பதால் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

பூனைக்கால் தன் கணினியில் அந்த ஃபோல்டரைத் தட்டினார். சிவப்புக் கட்டம் ஒன்று வந்து, 'உங்களுக்கு அனுமதி இல்லை' என்றது. அவர் கணினியைப் பார்த்து, "சரிங்க" என்றார்.

வேறு நாளாக இருந்தால் அத்தோடு விட்டிருப்பார். ஆனால் 'நிறைய ஆளுங்க' என்ற சொல் மீன்முள் மாதிரி தொண்டையில் நின்றது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. எழுந்து கணினிப் பிரிவுக்கு நடந்தார்.

கணினிப் பிரிவின் தலைவர் குளிரூட்டிய அறையில் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"திறக்கலையா? ரொம்ப நல்லது. பாதுகாப்புன்னா என்னய்யா? யாராலயும் திறக்க முடியாம இருக்கிறதுதான். பதினாறு வருஷமா இந்த வாரியத்துல ஒரு ஃபைல் திருடு போனதில்லை. எப்படிப் போகும்? எங்களாலயே எடுக்க முடியலை."

"அவசரங்க. ஆளுங்க இருக்கிற கட்டடமாம்."

"அது மேற்பார்வையாளர் பேர்ல இருக்கிற ஃபோல்டர். அவர் திறக்கணும்."

"அவர் ஓய்வு வாங்கிட்டுப் போயி ஏழு மாசம் ஆச்சுங்களே."

"ஆளு போயிட்டார். பேரு போகலையே. பேரை மூடணும்னா அந்தப் பேரே வந்து ஒப்புதல் குடுக்கணும். வழியனுப்பு விழாவுல மாலை போட்டோம், படம் எடுத்தோம், ஒப்புதல் வாங்க மறந்துட்டோம்." தலைவர் குரலைத் தாழ்த்தினார். "ஒரு வழி இருக்கு. 'வேறு பெயரில் இணை'ன்னு ஒரு பொத்தான். அவர் பேரு, அவர் பாஸ்வேர்டு போட்டு நீ உள்ள போயிரலாம்."

"அது தப்பில்லைங்களா?"

"பெரிய தப்பு. அதுக்குத்தான் தனியா ஒரு பதிவேடு வச்சிருக்கோம்."

 தலைவரின் தொலைபேசியிலேயே ஓய்வுபெற்ற மேற்பார்வையாளரைக் கூப்பிட்டார்கள். பின்னணியில் செடிக்குத் தண்ணீர் விடும் சத்தம் கேட்டது.

"என் பேரா? அது இன்னும் வேலைக்குப் போகுதா?" என்றார் பெரியவர். அவருக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்த மாதிரி இருந்தது. "நான் இங்க சும்மா கிடக்கேன், அது மட்டும் போகுதாக்கும். சரி, பாஸ்வேர்டு சொல்றேன், எழுதிக்க. சத்தமாத் திருப்பிச் சொல்லாத."

சொன்னார். பூனைக்காலின் முகம் வெளிறிவிட்டது.

தலைவர் பதிவேட்டை நகர்த்தினார். "இதுல எழுது."

"எழுதித்தான் ஆகணுங்களா?"

"விதி."

எழுதினார்: இயக்குநர்ஒருகழுதை. தலைவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு அதை இரண்டு தடவை படித்தார். வராந்தாவை எட்டிப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"நடுவுல இடைவெளி உண்டா?"

"இல்லைங்க."

"சரி, போய்ப் போடு."

பூனைக்கால் தன் இடத்துக்கு வந்து ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். ஒவ்வொரு தட்டலுக்கும் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். கடைசியில் பொத்தானை அழுத்தினால் இன்னொரு கட்டம் வந்தது.

'இந்தச் சர்வரில் நீங்கள் ஏற்கெனவே உங்கள் பெயரில் இணைந்திருக்கிறீர்கள். ஒருவர் ஒரே சமயத்தில் இரண்டு பெயர்களில் இருக்க முடியாது. முந்தைய இணைப்பைத் துண்டித்துவிட்டு மீண்டும் முயலவும்.'

மறுபடி கணினிப் பிரிவுக்கு ஓடினார்.

"நியாயமாத்தானே கேக்குது?" என்றார் தலைவர். "ஒரு உறையில ரெண்டு கத்தி இருக்குமா? உன்னைத் துண்டிச்சிடு. அவரா ஆயிடலாம்."

"துண்டிச்சா... நான் திரும்ப வந்துருவேனுங்களா?"

தலைவர் கொஞ்சம் யோசித்தார். "வழக்கமா வந்துருவாங்க."

அந்த 'வழக்கமா' பூனைக்காலை உலுக்கிவிட்டது. வாரியத்தில் எல்லாமே அந்த ஒரு சர்வரில்தான் தொங்கிக்கொண்டிருந்தன: வருகைப் பதிவு, வாசல் கதவு, மேசைத் தொலைபேசி, அச்சு இயந்திரம், கழிவறைச் சாவி. பத்தொன்பது வருடத்தை ஒரு பொத்தானில் வைத்து அழுத்துவதா? கண்ணை மூடிக்கொண்டார். அழுத்தினார்.

மேசைத் தொலைபேசியின் பச்சை விளக்கு அணைந்தது. சுவரில் மாட்டியிருந்த வருகைப் பலகையில் அவர் பெயர் இருந்த வரி மறைந்து, கீழே இருந்தவர்கள் ஒரு படி மேலே ஏறிக்கொண்டார்கள். பல்லில்லாத இடத்தை நாக்கு தேடுகிற மாதிரி அவர் கண் அந்த இடத்தையே தேடியது.

ஃபோல்டர் திறந்தது.

உள்ளே இருபது அறிக்கைகள் இருந்தன. ஏழு மாதமாக யாரும் தொடாதவை. நேற்றைய தேதியிட்டதை முதலில் திறந்தார்.

'அரசு மகப்பேறு மருத்துவமனை. மொட்டை மாடியிலுள்ள தண்ணீர்த் தொட்டியைத் தாங்கும் நான்கு தூண்களில் இரண்டு பிளந்துவிட்டன. கீழே மூன்றாம் மாடி, பிரசவ வார்டின் கிழக்குப் பாதி. தொட்டியை உடனே காலி செய்க. கிழக்குப் பாதியில் இருப்பவர்களை இன்றே வெளியேற்றுக.'

பூனைக்காலின் மனைவி அந்த வார்டின் தலைமைச் செவிலியர். காலை எட்டு மணிக்கு வேலைக்குப் போயிருந்தாள். கிழக்கு ஜன்னல் பக்கம்தான் அவள் மேசை. காற்று நன்றாக வருகிறது என்று போன வாரம்தான் சொன்னாள்.

 தொலைபேசியை எடுத்தார். செத்துக் கிடந்தது. செல்போன்களைக் காலையிலேயே வாசலில் ஒப்படைத்துவிட வேண்டும், அதுவும் விதி. அச்சு எடுக்கலாமென்று பார்த்தார். 'மேற்பார்வையாளருக்கு அச்சு இயந்திரம் ஒதுக்கப்படவில்லை' என்று வந்தது. அச்சு இயந்திரம் பதிவெழுத்தர் பெயரில் இருந்தது. பதிவெழுத்தரோ இப்போது இல்லை.

பென்சிலை எடுத்துக் கையால் எழுத ஆரம்பித்தார். பாதி எழுதும்போது திரையில் ஒரு கட்டம் குதித்தது.

'மேற்பார்வையாளர் அவர்களுக்கு: உங்களுக்குக் கீழே பணியாற்றும் பதிவெழுத்தர் இன்று அனுமதியின்றி வரவில்லை. நடவடிக்கை எடுக்கவும்.' கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்று, எச்சரிக்கை. மற்றது, பணிநீக்கம். மூன்றாவதாக ஒன்று இருக்கிறதா என்று மேலும் கீழும் தேடினார். இல்லை. கட்டம் அறிக்கையை மறைத்துக்கொண்டு அசையாமல் நின்றது. தன்னைத்தானே எச்சரித்துக்கொண்டு, மீதியை எழுதி முடித்தார். தன் பெயரில் திரும்ப இணையப் பார்த்தார், 'இன்று வராதவர் இணைய முடியாது' என்றது திரை. கணினிப் பிரிவுக்கு ஓடினார்.

"ஒரே ஒரு போன் பண்ணிக்கறேங்க. என் வீட்டுக்காரி அங்க இருக்கா."

"வாரியத்துத் தகவலை வெளிய சொல்றதுக்கு என் போனா?" தலைவர் தொலைபேசியை மார்போடு அணைத்துக்கொண்டார். "எனக்கும் பிள்ளைகுட்டி இருக்குய்யா. இயக்குநர்கிட்டப் போ."

இயக்குநர் கூட்டத்தில் இருந்தார். 'விரைந்து செயல்படுதல்' என்பது கூட்டத்தின் தலைப்பு. ஒன்றரை மணி நேரம் நடந்தது. பூனைக்கால் வாசலில் நின்று சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.  தொட்டி எவ்வளவு பெரியது, தண்ணீர் எவ்வளவு கனம் என்று மனசு கணக்குப் போட்டது. வேண்டாம் வேண்டாம் என்றாலும் போட்டது.

கடைசியில் உள்ளே விட்டார்கள். இயக்குநருக்கு ஆள் முகம் பார்க்கிற பழக்கம் கிடையாது. கணினி அனுப்பிய சீட்டைத்தான் பார்ப்பார்.

"வாங்க மேற்பார்வையாளரே, உக்காருங்க" என்றார்.

உட்காராமல் பென்சில் தாளை நீட்டினார். இயக்குநர் படித்தார். முகம் சுருங்கியது.

"இந்த வாரியம் ஆரம்பிச்சு இருபத்திரண்டு வருஷம். நாம ஆபத்துன்னு அறிவிச்ச ஒரு கட்டடமாவது இதுவரைக்கும் விழுந்திருக்கா?"

"இல்லைங்க."

"ஏன் விழலை? நாம ஒண்ணையும் அறிவிச்சதில்லை. அப்பேர்ப்பட்ட சாதனைய இன்னிக்கு ஒரு பென்சிலால அழிக்கப் பாக்குறீங்க. கட்டடம் விழுறது சகஜம். ஆனா நாம அறிவிச்ச பிறகு விழுந்துச்சுன்னு வைங்க, ஏன் முன்னாடியே அறிவிக்கலைன்னு கேப்பான். அறிவிச்ச பிறகு விழலைன்னா, ஏன் அறிவிச்சேன்னு கேப்பான். அறிவிக்காம விழுந்தா? யாரும் நம்மளக் கேக்க மாட்டான். யோசிச்சுப் பாருங்க."

"ஐயா, உள்ள கைக்குழந்தைங்க இருக்குதுங்க."

"நான் வேண்டாம்னு சொல்லலையே. கையால எழுதினது செல்லாது. பிரிண்ட் எடுத்துட்டு வாங்க."

"பிரிண்டர் என் பேருக்குத்தான் வேலை செய்யும்."

"அப்ப உங்க பேர்ல எடுங்க."

"என் பேர்ல போனா ஃபோல்டர் திறக்காதுங்க."

இயக்குநர் பெருமூச்சு விட்டார். "அப்ப ரெண்டு பேருமாச் சேர்ந்து வாங்க."

பூனைக்கால் வெளியே வந்தார். மணி இரண்டேகால். படிக்கட்டில் இறங்கினார். வாசலில் அட்டையை வைத்தார். கதவு திறக்கவில்லை.

பன்னிரண்டு வருடமாக அவருக்குத் தினமும் வணக்கம் சொல்லும் காவலாளி திரையை எட்டிப் பார்த்தார். "நீங்க இன்னிக்கு உள்ளயே வரலை சார்."

"காலையில என்னைப் பாத்தீங்களே! மழை வரும்போலன்னு பேசினோமே!"

"பேசினோம். ஆனா இதுல வரலைன்னு இருக்கு. வராதவர் வெளியே போக முடியாது சார். போனா கணக்கு உதைக்கும்."

"என் போனையாவது குடுங்க."

"அது பதிவெழுத்தர் பேர்ல இருக்கு. அவர் வந்துதான் வாங்கணும்."

காவலாளி கேலி செய்யவில்லை. அதுதான் பயங்கரம். அவருடைய கண்ணில் உண்மையான வருத்தம் இருந்தது. பூனைக்கால் அந்தக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே தெருவைப் பார்த்தார். ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள், வெயில் அடித்தது. சட்டென்று கதவருகே இருந்த விசைப்பலகையில் மேற்பார்வையாளர் பெயரைத் தட்டினார். இயக்குநரைப் பற்றிய அந்தக் கருத்தையும் தட்டினார்.

கதவு திறந்தது. காவலாளி விறைப்பாக எழுந்து நின்று வணக்கம் வைத்தார்.

"வாங்க ஐயா. ஏழு மாசமாப் பாக்கவே முடியலை. வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?"

பூனைக்கால் ஓடினார். நாற்பத்தெட்டு வயதில், பிள்ளைப் பருவத்துக்குப் பிறகு முதல் தடவையாக, சத்தம் போட்டு ஓடினார். யாரிடமாவது போன் கேட்கலாமா என்று தோன்றியது. வேலை நேரத்தில் செவிலியர்களின் போன் பெட்டியில் பூட்டிக் கிடக்கும், மருத்துவமனையின் எண்ணோ வாரியத்து மேசையில் கிடந்தது. இரண்டு பேருந்து நிறுத்தம் தூரம். மருத்துவமனை கண்ணில் பட்டதும் முதலில் மொட்டை மாடியைத்தான் பார்த்தார். தொட்டி இருந்தது. லேசாகச் சாய்ந்திருந்ததா, இல்லை ஓடிவந்த கண்ணுக்கு அப்படித் தெரிந்ததா என்று சொல்ல முடியவில்லை.

மூன்றாம் மாடியில் மனைவி ஒரு குழந்தையை எடை போட்டுக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் பதறிவிட்டாள்.

"என்னங்க? யாருக்கு என்ன ஆச்சு?"

மூச்சு வாங்கியது. மேலே கையைக் காட்டினார். "தொட்டி. தூண் பிளந்திருக்கு. விழும்."

"எந்தப் பக்கம்?"

"இந்தப் பக்கம். நீ நிக்கிற பக்கம்."

யார் சொன்னது, எந்தத் தாளில் இருக்கிறது, யார் கையெழுத்து என்று அவள் ஒன்றும் கேட்கவில்லை. குழந்தையை அவர் கையில் வைத்தாள். "தலையைத் தாங்கிப் பிடிங்க. மேற்கு அறைக்குக் கொண்டு போங்க. அடுத்ததுக்கு ஓடி வாங்க" என்றாள். வார்டு முழுக்க அவள் குரல் ஒருதடவைதான் உயர்ந்தது. பதினோரு தாய்மார், ஒன்பது குழந்தைகள். அறுவை முடிந்து எழ முடியாத இருவரைக் கட்டிலோடு தள்ளினார்கள். ஒருத்தி, "என் பை, என் பை" என்று அழுதாள். பிளம்பரை எழுப்பித் தொட்டியின் வால்வைத் திறக்கச் சொல்லி ஆளனுப்பினார்கள். பூனைக்காலுக்குக் கை நடுங்கியது. குழந்தையைத் தூக்கும்போது மட்டும் எப்படியோ நடுக்கம் நின்றது. கீழே வைத்ததும் மறுபடி தொடங்கியது.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது முதலில் ஒரு முனகல் கேட்டது. பெரிய மாடு ஒன்று படுக்க இடம் பார்ப்பது மாதிரி. அப்புறம் கிழக்குக் கூரை அப்படியே இறங்கியது. புழுதி படிக்கட்டு வரைக்கும் வந்தது. புழுதி அடங்கியபோது எட்டுக் கட்டில்கள் தட்டையாகக் கிடந்தன. மனைவியின் மேசை எங்கே இருந்தது என்றே தெரியவில்லை. ஆட்கள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மனைவி அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மூன்று வாரம் கழித்து விசாரணை நடந்தது. இயக்குநர் நடுவில். ஒரு பக்கம் கணினிப் பிரிவின் தலைவர். இன்னொரு பக்கம் வெளியிலிருந்து வந்த உறுப்பினர். வாயே திறக்காமல் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். மூலையில் ஒரு சுருக்கெழுத்தர்.

இயக்குநர் உருகிப் பேசினார். "நம்ம முறை எவ்வளவு அருமையா வேலை செய்யுதுன்னு உலகமே பாத்துடுச்சு. பன்னிரண்டு இருபதுக்கு மேற்பார்வையாளர் அறிக்கையத் திறந்தார். ரெண்டு பதினேழுக்குத் தானே கிளம்பிப் போனார். இருபது உயிர். அவருக்கு விருதுக்குப் பரிந்துரை பண்றோம்." தாளைப் புரட்டினார். "நீங்க அன்னிக்கு வரலைன்னு பதிவு சொல்லுது. வரலைன்னு கையெழுத்துப் போட்டீங்கன்னா ஒருநாள் விடுப்பா எழுதிக்கலாம். வந்தேன்னு சொன்னா, அடுத்தவர் பேர்ல நுழைஞ்ச குற்றம். வேலையும் போகும், மூணு வருஷம் உள்ளயும் இருக்கணும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

பூனைக்கால் பேனாவை வாங்கிக்கொண்டார். போட்டுவிடலாம் என்றுதான் நினைத்தார். அவ்வளவு பயம்.

"ஐயா, ஒரு சந்தேகம். மீதிப் பத்தொன்பது அறிக்கைய யாராவது திறந்தாங்களா?"

"அதெல்லாம் மேற்பார்வையாளர் கையில இருக்கு. திறமையானவர். பாத்துக்குவார்."

 பூனைக்கால் பேனாவை மெதுவாக மேசையில் வைத்தார்.

"அவர் வீட்டுல செடிக்குத் தண்ணி ஊத்திட்டிருக்கார். திறந்தது நான். போனது நான்." சுருக்கெழுத்தர் பக்கம் திரும்பினார். அடையாள அட்டையில் இருக்கும் தன் முழுப்பெயரை, முன்னெழுத்தோடு சொன்னார். மறுபடியும் ஒருமுறை, நிறுத்திச் சொன்னார். "எழுதிக்கோங்க. கூடவே இதையும் எழுதிக்கோங்க. முதல் அறிக்கை, ஆற்றுப் பாலத்துப் பக்கத்து நெசவாலை, வடக்குச் சுவர். ரெண்டாவது, பழைய சந்தைக் கூரை..."

தலைப்புகளைப் பதிவுசெய்வது அவருடைய பத்தொன்பது வருடத் தொழில். ஒருமுறை கண்ணில் பட்டால் போதும். சுருக்கெழுத்தருக்கும் காதில் விழுவதை எழுதுவதுதான் தொழில், எழுதிக்கொண்டே போனார்.

"நிறுத்துங்க!" என்றார் இயக்குநர். "இதெல்லாம் பதிவுல ஏறுது!"

பூனைக்கால் நிறுத்தவில்லை. அவரை அன்று மாலையே இடைநீக்கம் செய்தார்கள், நான்கு மாதம் வழக்கு நடந்தது என்பதெல்லாம் பிறகு. "எட்டாவது, பேருந்து நிலையத்து மேல்தளம். ஒன்பதாவது, முதியோர் இல்லம், படிக்கட்டு. பத்தாவது, மேட்டுத் தெரு ஆரம்பப் பள்ளி, ரெண்டாம் வகுப்புக் கூரை."

தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த உறுப்பினர் குவளையைக் கீழே வைத்தார்.

"எந்தப் பள்ளி?"

"மேட்டுத் தெருவுங்க. ரெண்டாம் வகுப்பு."

உறுப்பினர் எழுந்தார். இயக்குநரிடம் அனுமதி கேட்கவில்லை, கோப்புகளை எடுத்துக்கொள்ளவில்லை. கதவு அடித்துக்கொண்டது. அவர் வராந்தாவில் ஓடுகிற சத்தம் வெகுதூரம் வரைக்கும் கேட்டது.

பூனைக்கால் பதினோராவதைச் சொன்னார்.